சவரக்கத்தியும் சாவுச் சந்தாவும்

அட்லாண்டா நகரம், பீச்ட்ரீ தெரு, 66ஆம் எண். 1913 வாக்கில் அந்த வாசலில் போய் நின்றவருக்கு முதலில் கண்ணில் பட்டிருப்பது கதவுதான். பதினாறடி உயரம், மஹோகனி மரமும் தடித்த கண்ணாடியும். பாரிஸில் பார்த்துவிட்டு வந்த ஒரு கதவின் சாயலில் உரிமையாளர் செய்வித்தது. உள்ளே படிகச் சரவிளக்குகள், பளிங்கு, வரிசையாக 25 சவர நாற்காலிகள். கடையின் பெயர் கிரிஸ்டல் பேலஸ். நீதிபதிகளும் வக்கீல்களும் அரசியல்வாதிகளும் வந்து சாய்ந்து உட்கார்ந்து தாடையை நீட்டுவார்கள். சவரம் செய்தவர்கள் அத்தனை பேரும் கறுப்பர்கள், செய்துகொண்டவர்கள் அத்தனை பேரும் வெள்ளையர்கள். முதலாளி அலோன்ஸோ ஹெர்ண்டன் 1858இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். தன் இனத்தார் ஒருவரை வாடிக்கையாளராக அந்த நாற்காலியில் உட்காரவைக்க அவரால் முடியாது.

இந்த நாற்காலிகளில் சேர்ந்த காசுதான் பிற்பாடு அதே ஊரில் ஆபர்ன் அவென்யூ என்ற கறுப்பர் வணிகத் தெரு எழுந்து நிற்கக் கைகொடுத்தது. அமெரிக்கத் தெற்கில் இனப்பிரிப்புச் சட்டங்கள் கோலோச்சிய காலத்தில் இப்படிப் பல தெருக்கள் உருவாயின: டர்ஹம் நகரில் பாரிஷ் தெரு, ரிச்மண்டில் ஜாக்சன் வார்டு, டல்சாவில் கிரீன்வுட், மெம்பிஸில் பீல் தெரு. 'கறுப்பு வால் ஸ்ட்ரீட்' என்ற பட்டம் ஒன்றுக்கு மேற்பட்ட தெருக்களுக்கு ஒட்டிக்கொண்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பங்குச் சந்தையை நினைவூட்டும் அந்தப் பட்டம் உண்மையான கதையை மறைத்துவிடுகிறது. இந்தத் தெருக்களை எழுப்பியது வாரம் ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று வீடு வீடாக வசூலான சில்லறை. அதிலும் பெரும்பகுதி, செத்தால் கௌரவமாக அடக்கம் செய்யப்பட வேண்டுமே என்ற கவலையில் ஏழைகள் கட்டிய பணம்.

கவலைக்குக் காரணம் இருந்தது. அடிமை முறை ஒழிந்தபின் விடுதலை பெற்றவர்களின் சேமிப்புக்காகவே 1865இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமியற்றி ஒரு வங்கியைத் தொடங்கியது. ஃப்ரீட்மன்ஸ் வங்கி என்று பெயர். அரசாங்கமே பின்னால் நிற்கிறது என்று நம்பி மக்கள் பணம் போட்டார்கள். நிர்வாகத்தில் இருந்தவர்கள் கண்ட கண்ட இடத்தில் கடன் கொடுத்து, 1874இல் வங்கியை இழுத்து மூடினார்கள். சுமார் 61,000 பேரின் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் அதில் சிக்கியது. அடுத்த அடி காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து வந்தது. 1881இல் புருடென்ஷியல் நிறுவனம், கறுப்பர்கள் வெள்ளையர்கள் கட்டும் அதே சந்தாவைக் கட்டினாலும் இறப்புக்குப் பின் கிடைக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்படும் என்று அறிவித்தது. இது கூடாது என்று சில மாநிலங்கள் சட்டம் போட்டதும், கறுப்பர்களிடம் பாலிசி விற்பதையே நிறுவனங்கள் கைவிட்டன. அதே நிறுவனத்தின் புள்ளியியலாளர் ஃப்ரெடரிக் ஹாஃப்மன் 1896இல் முழுப் புத்தகமே எழுதி, இந்த இனம் நலிந்து அழியப்போகிறது, காப்பீடு செய்யத் தகுந்ததல்ல என்று வாதாடினார். ரயில் பெட்டிகளில் இனப்பிரிவினை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில் தீர்ப்பளித்ததும் அதே ஆண்டில்தான்.

ஆகவே மக்கள் தங்களுக்குத் தாங்களே ஏற்பாடு செய்துகொண்டார்கள். தேவாலயங்களைச் சுற்றி ஈமச் சங்கங்கள் முளைத்தன. வாரச் சந்தா கட்டினால் நோய்க்காலத்தில் கொஞ்சம் உதவி, இறந்தால் சவப்பெட்டிக்கும் அடக்கத்துக்கும் பணம். கணக்கு வழக்குத் தெரியாமல் முழுகியவை, பொருளாளர் ஓடிப்போனவை என்று பாதிவழியில் நின்ற சங்கங்கள் ஏராளம். சந்தா கட்ட வக்கில்லாதவர் வீட்டில் சாவு விழுந்தால் தொப்பியை ஏந்திக்கொண்டு கடை கடையாக வசூலுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

அந்தத் தொப்பி அடிக்கடி வந்து நின்ற இடங்களில் ஒன்று வட கரோலைனாவின் டர்ஹமில் ஜான் மெரிக்கின் சலூன். மெரிக்கும் அடிமையாகப் பிறந்தவர், 1859இல். பன்னிரண்டு வயதில் செங்கல் சூளையில் வேலை. பிறகு ராலியில் கொத்து வேலை. அதற்குப் பின் ஒரு சலூனில் பூட்ஸ் துடைக்கும் பையனாகச் சேர்ந்து கத்தி பிடிக்கக் கற்றுக்கொண்டார். 1880இல் டர்ஹமுக்கு வந்தார். அப்போது அது புகையிலையால் கொழுத்துக்கொண்டிருந்த புது ஊர். புகையிலைச் சக்கரவர்த்திகளான டியூக் குடும்பத்தார் அவருடைய வாடிக்கையாளர்கள். காலப்போக்கில் ஒன்பது சலூன்கள் வரை அவர் கைக்கு வந்தன. அவற்றில் சில வெள்ளையருக்கு, சில கறுப்பருக்கு. ஒரே முதலாளி, இரண்டு வகைக் கடைகள், நடுவில் சட்டம்.

சவரத் தொழில் எப்படிக் கறுப்பர் கையில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தெற்கத்திய வெள்ளையர் கண்ணில் அது பணிவிடை வேலை. அடிமைக் காலத்திலிருந்தே கறுப்பர்கள் செய்துவந்தது. முதலாளிகளின் கழுத்தில் கத்தி வைக்கும் வேலையை அவர்கள் கறுப்பரிடம் நம்பி விட்டிருந்தார்கள் என்பது வரலாற்றின் குசும்புகளில் ஒன்று. வெள்ளையருக்கு மட்டுமே சவரம் செய்யும் கடை நடத்துவதைத் தன்மானக் குறைவு என்று சொந்த இனத்திலேயே ஏசியவர்கள் உண்டு. அந்த ஏச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எந்த வங்கியும் கடன் தராத காலத்தில், முதலீடு என்று சொல்லத்தக்க தொகை ஒரு கறுப்பர் கையில் சேரக்கூடிய சில தொழில்களில் அது ஒன்று.

டர்ஹமில் இன்னொரு கதையும் உலவியது: இந்தத் தொப்பி வசூலைப் பார்த்துச் சலித்த டியூக்தான் காப்பீட்டு நிறுவனம் தொடங்கும்படி மெரிக்கிடம் சொன்னாராம். இதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்பதே நல்லது. அதற்கு வெகு முன்பே, 1883இல், 'ராயல் நைட்ஸ் ஆஃப் கிங் டேவிட்' என்ற ஈமச் சங்கத்தை மெரிக் சில கூட்டாளிகளோடு விலைக்கு வாங்கி நடத்திப் பார்த்தவர். சாவுச் சந்தாவின் கணக்கு அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதாக இல்லை.

1898இல் மெரிக்கும் மருத்துவர் ஆரன் மூரும் இன்னும் ஐந்து பேருமாகச் சேர்ந்து நார்த் கரோலைனா மியூச்சுவல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நேரம் படுமோசமான நேரம். அந்த நவம்பரில் அதே மாநிலத்தின் வில்மிங்டன் துறைமுக நகரில் ஆயுதம் தாங்கிய வெள்ளைக் கும்பல் கறுப்பர் பத்திரிகை அலுவலகத்தைக் கொளுத்தி, பலரைச் சுட்டுக் கொன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட நகர ஆட்சியையே கவிழ்த்தது. இரண்டே ஆண்டில் கறுப்பர் வாக்குரிமையைப் பறிக்கும் சட்டத்திருத்தமும் நிறைவேறியது. அரசியலில் கிடைத்த பதவிகளால் நமக்கு என்ன லாபம், தொழிலைப் பார்ப்போம் என்ற தொனியில் மெரிக் அப்போது பேசினார். இன்று படிக்கிறவர்களுக்கு அது சரணாகதியாகத் தோன்றலாம். துப்பாக்கிச் சத்தம் அடங்காத மாநிலத்தில் கடை திறக்கப் போகிறவரின் பேச்சு என்பதையும் கூடவே வைத்துத்தான் படிக்க வேண்டும்.

முதல் வருடமே நிறுவனம் கிட்டத்தட்ட விழுந்துவிட்டது. ஒரு பாலிசிதாரர் இறந்தார். கொடுக்க வேண்டிய தொகை 40 டாலர். பெட்டியில் அவ்வளவு இல்லை. மெரிக்கும் மூரும் சொந்தப் பையிலிருந்து போட்டு நிரப்பினார்கள். கூட்டாளிகளில் மற்ற ஐவரும் கழன்றுகொண்டார்கள். 1900இல் மூர் தன் உறவுக்காரப் பையன் சார்லஸ் கிளின்டன் ஸ்பால்டிங்கைப் பொது மேலாளராக அழைத்துவந்தார். பதவியின் பெயர் பெரிது. ஊழியர் அவர் ஒருவரே. காலையில் சட்டைக் கையை மடித்துவிட்டு அலுவலகத்தைப் பெருக்குவேன், மடிப்பை இறக்கிவிட்டால் ஏஜென்ட், கோட்டை மாட்டிக்கொண்டால் பொது மேலாளர் என்று பின்னாளில் சொல்லிச் சிரிப்பாராம். அந்த 40 டாலர் ரசீதைத்தான் அவர் ஊர் ஊராக எடுத்துக்கொண்டு போனார். செத்தவர் குடும்பத்துக்குப் பணம் உண்மையிலேயே போய்ச் சேர்ந்தது என்பதைவிடப் பெரிய விளம்பரம் ஃப்ரீட்மன்ஸ் வங்கியில் ஏமாந்த சனங்களுக்கு வேறு என்ன வேண்டும்?

இந்தத் தொழில் நடந்த விதம் எளிமையானது. கூலி வாரக் கூலி, ஆகவே சந்தாவும் வாரச் சந்தா. சனிக்கிழமைக் கூலி கரைவதற்குள் ஏஜென்ட் கணக்குப் புத்தகத்தோடு வாசலில் நிற்க வேண்டும். புகையிலை ஆலைப் பெண்கள், சலவைக்காரிகள், குத்தகை விவசாயிகள் என்று ஆயிரக்கணக்கான வாசல்கள். ஒரு வீட்டில் விழும் காசு அற்பம். ஆனால் அது ஒவ்வொரு வாரமும் வரும், அதுவும் ரொக்கமாக. கடன் கொடுக்க ஆளில்லாத ஒரு சமூகத்துக்கு இப்படித்தான் முதல்முறையாகப் பெருந்தொகை ஒன்று ஓரிடத்தில் குவிந்தது. அந்தக் குவியல்தான் மற்றவற்றையெல்லாம் பெற்றெடுத்தது. பாரிஷ் தெருவில் நிறுவனத்துக்குச் சொந்தக் கட்டடம் எழுந்தது. 1907இல் மெக்கானிக்ஸ் அண்டு ஃபார்மர்ஸ் வங்கிக்கு உரிமம் கிடைத்தது; அதன் முதல் தலைவர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் செங்கல் சூளை முதலாளி. 1921இல் ஆறு மாடித் தலைமை அலுவலகம். கறுப்பர் தலைவர் புக்கர் வாஷிங்டன் 1910இல் வந்து பார்த்துப் புகழ்ந்து எழுதினார். அவரோடு எதிலும் ஒத்துப்போகாத இன்னொரு தலைவர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் 1912இல் வந்தார். அவரும் புகழ்ந்துதான் எழுதினார். இருவரையும் ஒரே கருத்தில் நிறுத்திய ஊர் என்ற பெருமை டர்ஹமுக்கு உண்டு.

டர்ஹமின் விசேஷம் ஒன்று: பாரிஷ் தெரு வெள்ளையரின் நகர மையத்தில், அவர்கள் கடைகளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. கறுப்பர் குடியிருப்பான ஹேட்டாய் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். டியூக் குடும்பத்தின் தயவும் பக்கத்தில் இருந்தது. அடிமைகளின் 'விசுவாசத்துக்கு' ஒரு நினைவுச் சின்னம் வைக்க எண்ணியிருந்த அவர்களிடம், சிலைக்குப் பதில் ஆஸ்பத்திரி கட்டித்தாருங்கள் என்று மூரும் மெரிக்கும் பேசி மனத்தை மாற்றியதாகச் சொல்வார்கள். 1901இல் லிங்கன் மருத்துவமனை திறந்தது. தயவு இருந்தால் ஆஸ்பத்திரி வரும். தயவு போனால் என்ன ஆகும் என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே வரும்.

மெம்பிஸ்காரர்களிடம் அந்தக் கேள்விக்கு விடை இருந்தது. தாமஸ் மாஸ் என்ற தபால்காரரும் கூட்டாளிகளும் 1889இல் பீப்பிள்ஸ் குரோசரி என்ற மளிகைக் கடை தொடங்கினார்கள். எதிர்க்கடை வெள்ளையருக்கு வியாபாரம் குறைந்தது. பிள்ளைகளின் கோலிக்குண்டுச் சண்டையில் ஆரம்பித்த தகராறு பெரியவர்கள் சண்டையாகி, 1892 மார்ச்சில் மாஸும் இன்னும் இருவரும் சிறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய நண்பர் ஐடா பி. வெல்ஸ் தன் பத்திரிகையில் விடாமல் எழுதினார். அவர் அச்சகம் நொறுக்கப்பட்டது. வெள்ளையரோடு போட்டி போடும் கடைக்கு இதுதான் கதி என்ற பாடம் தெற்கு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. காப்பீடு, வங்கி, சவ அடக்கம் போன்ற துறைகளில் கறுப்பர்கள் ஓங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்: வெள்ளைக்காரர்கள் வேண்டாமென்று தள்ளிய வியாபாரம் அது.

ரிச்மண்டில் இதே கதைக்கு ஒரு பெண் தலைமை தாங்கினார். மேகி லீனா வாக்கர், சலவைக்காரியின் மகள். சிறுவயதில் அம்மா வெளுத்த துணிகளை வெள்ளையர் வீடுகளுக்குச் சுமந்து கொடுத்தவர். 'செயின்ட் லூக்' என்ற ஈமச் சங்கம் கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தபோது 1899இல் அதன் பொறுப்பை ஏற்றார். அடுத்தடுத்து ஒரு பத்திரிகை, 1903இல் பென்னி சேமிப்பு வங்கி, 1905இல் ஒரு பெருங்கடை. அமெரிக்காவில் வங்கி தொடங்கித் தலைவரான முதல் பெண் அவர். வங்கி திறந்த நாளில் ஒன்பதாயிரம் டாலருக்கு மேல் சேர்ந்தது. ஒருவர் 31 சென்டோடு வந்து கணக்குத் தொடங்கினார். கடை மட்டும் நிலைக்கவில்லை. வெள்ளை வியாபாரிகள் மொத்த விற்பனையாளர்களை நெருக்கினார்கள். சொந்த இனத்தாரிலும் பலர் சரக்கு மலிவாகக் கிடைத்த வெள்ளையர் கடைக்கே போனார்கள். 1911இல் மூடவேண்டி வந்தது.

இனி ஹெர்ண்டன். கையில் 11 டாலரோடு 1878இல் பிறந்த ஊரை விட்டு நடந்தே கிளம்பியவர், 1883இல் அட்லாண்டாவில் ஒரு சலூனில் கூலிக்குச் சேர்ந்து ஆறே மாதத்தில் அதில் பாதிப் பங்கை வாங்கினார். 1905இல் ஜார்ஜியா மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: காப்பீட்டுச் சங்கம் நடத்துகிறவர் 5,000 டாலர் வைப்புத்தொகை கட்ட வேண்டும். வீட் ஸ்ட்ரீட் பாப்டிஸ்ட் தேவாலயப் பாதிரியாரின் சங்கத்துக்கு அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? ஹெர்ண்டன் அதை 140 டாலருக்கு வாங்கி, வைப்புத்தொகையைத் தன் சலூன் வருமானத்திலிருந்து கட்டினார். அப்படிப் பிறந்ததுதான் பின்னாளில் அட்லாண்டா லைஃப் என்று பெயர் பெற்ற நிறுவனம். அவர் சாமர்த்தியமான மனிதர். புக்கர் வாஷிங்டனின் வணிகர் கழகம் 1900இல் பாஸ்டனில் கூடியபோது அங்கே இருந்தார். டு பாய்ஸ் 1905இல் உரிமைக்குரல் எழுப்ப நயாகராவில் கூட்டிய 29 பேரிலும் இருந்தார்.

மறு ஆண்டே அட்லாண்டா எரிந்தது. 1906இல் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்ட இருவர், கறுப்பரை யார் அதிகம் ஒடுக்குவார் என்று பந்தயம் கட்டிக்கொண்டு பிரசாரம் செய்தார்கள். வெள்ளைப் பெண்கள் தாக்கப்பட்டதாக ஆதாரமில்லாச் செய்திகளைப் பத்திரிகைகள் சிறப்புப் பதிப்பு போட்டு விற்றன. செப்டம்பர் 22, சனிக்கிழமை இரவு, ஆயிரக்கணக்கான வெள்ளையர் நகர மையத்தில் கறுப்பர்களை வேட்டையாடினார்கள். ஹெர்ண்டன் அன்று கடையைச் சீக்கிரம் மூடிவிட்டுப் போயிருந்தார். கண்ணாடிகள் நொறுங்கின. எதிர்ப்புறச் சலூனில் இருந்த முடிதிருத்துநர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தச் சில நாட்களில் குறைந்தது 25 கறுப்பர்கள் உயிரிழந்தார்கள்.

கலவரத்துக்குப் பின் நகர மையத்தில் இருந்த கறுப்பர் கடைகள் ஒவ்வொன்றாகக் கிழக்கே ஆபர்ன் அவென்யூவுக்கு நகர்ந்தன. புகழ்பெற்ற அந்தத் தெரு திட்டமிட்டு உருவானதல்ல. விரட்டப்பட்டவர்கள் போய் ஒதுங்கிய இடம் அது. ஒதுங்கிய இடத்தில் ஆட்ஃபெலோஸ் சங்கத்தின் பெருங்கட்டடம் எழுந்தது. 1921இல் சிட்டிசன்ஸ் டிரஸ்ட் வங்கி, 1928இல் ஒரு பத்திரிகை, அதுவே சில ஆண்டுகளில் நாளிதழ். மார்ட்டின் லூதர் கிங் 1929இல் பிறந்த வீடும் அதே தெருவில்தான். 1956இல் ஃபார்ச்சூன் இதழ் உலகிலேயே பணக்காரக் கறுப்பர் தெரு என்று அதைக் குறிப்பிட்டது. ஹெர்ண்டனின் சலூன் மட்டும் பீச்ட்ரீ தெருவை விட்டு அசையவில்லை. 1926இல் நகர மன்றம், கறுப்பு முடிதிருத்துநர்கள் வெள்ளைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முடி வெட்டக் கூடாது என்று விதி போட்டது. அதற்குள் வெள்ளையரும் அந்தத் தொழிலில் இறங்கியிருந்தார்கள் என்பதைச் சொல்லாமலே புரிந்துகொள்ளலாம். விதியை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1927இல் ஹெர்ண்டன் காலமானார்.

டல்சாவின் கதை இன்று உலகம் அறிந்தது. 1921 மே 31, ஜூன் 1 ஆகிய இரு நாட்களில் வெள்ளைக் கும்பல் வைத்த தீயில் கிரீன்வுட்டில் 35 தெருக்கட்டங்கள் சாம்பலாயின. ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. இறந்தவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. ஜே.பி. ஸ்ட்ராட்ஃபோர்டின் 50க்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட ஹோட்டல் போயிற்று; கலவரத்தைத் தூண்டியதாக அவர் மீதே வழக்குப் போட்டார்கள், அவர் ஊரைவிட்டுத் தப்பினார். நம் கதைக்கு முக்கியமானது அதற்குப் பின் நடந்தது. தீக்காப்பீடு எடுத்திருந்தவர்கள் இழப்பீடு கேட்டார்கள். கலவரத்தால் விளைந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்ற ஒரு வரியைக் காட்டி நிறுவனங்கள் கைவிரித்தன. கிரீன்வுட்டில் கட்டடங்கள் வைத்திருந்த வில்லியம் ரெட்ஃபெர்ன் என்ற வெள்ளையர் ஒருவர் வழக்காடிப் பார்த்தார். 1926இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் அவரும் தோற்றார். சாவுக்குப் பணம் தரக் கறுப்பர்கள் நிறுவனம் கட்டிவிட்டார்கள். ஊரே எரிந்தால் தாங்கும் அளவுக்கு முதல் அவர்களிடம் எங்கே இருந்தது? இருந்தும் மறுகட்டுமானத்தைத் தடுக்க நகராட்சி போட்ட விதியை வழக்கறிஞர் பி.சி. ஃபிராங்க்ளின் முறியடிக்க, மக்கள் கிரீன்வுட்டை மறுபடி கட்டினார்கள். 1925இல் வணிகர் கழகத்தின் தேசிய மாநாடு அங்கேயே நடந்தது.

பர்மிங்ஹாமில் ஏ.ஜி. காஸ்டன் இந்தப் பழைய பாதையில் கடைசியாகப் பெரிதாக வென்றவர்களில் ஒருவர். சுரங்கத் தொழிலாளியாக இருந்தபோது சக தொழிலாளர்களுக்கு மதியச் சாப்பாடு விற்றார், டாலருக்கு 25 சென்ட் வட்டிக்குக் கடனும் கொடுத்தார். தியாகி என்று யாரும் அவரைச் சொல்லமாட்டார்கள். சாவு வீட்டுத் தொப்பி வசூலைப் பார்த்து அவரும் 1923இல் ஈமச் சங்கம் தொடங்கினார். அதிலிருந்து சவ அடக்க நிலையம், காப்பீடு, 1954இல் ஒரு மோட்டல். 1963இல் கிங்கும் தோழர்களும் இனப்பிரிப்புக்கு எதிரான பர்மிங்ஹாம் போராட்டத்தை அந்த மோட்டலின் 30ஆம் அறையிலிருந்துதான் நடத்தினார்கள். தெருப் போராட்டம் காஸ்டனுக்குப் பிடிக்கவில்லை; ஆனாலும் கிங்குக்கு ஜாமீன் பணம் கட்டினார். மே மாதம் அந்த மோட்டல் மீது குண்டு வீசப்பட்டது.

போராட்டம் வென்றது. 1964இன் குடிமை உரிமைகள் சட்டத்துக்குப் பின் கறுப்புப் பயணி எந்த ஹோட்டலிலும் தங்கலாம், எந்த உணவகத்திலும் சாப்பிடலாம். வேறு போக்கிடம் இல்லாததாலேயே வந்துகொண்டிருந்த வாடிக்கையாளருக்குப் போக்கிடம் பிறந்துவிட்டது. வெள்ளைக் காப்பீட்டு நிறுவனங்கள் கறுப்பு நடுத்தர வர்க்கத்தைத் தேடி வந்தன. வெள்ளையர் பணம் ஆபர்னுக்குள்ளோ ஜாக்சன் வார்டுக்குள்ளோ அதே வேகத்தில் வரவில்லை. வந்தது புல்டோசர். ரிச்மண்டில் ஜாக்சன் வார்டை 1950களிலேயே நெடுஞ்சாலை இரண்டாகப் பிளந்தது. அட்லாண்டாவில் ஆபர்ன் அவென்யூவின் குறுக்கே மேம்பாலச் சாலை எழுந்தது. மறுபடி கட்டிய கிரீன்வுட்டையும் 244ஆம் எண் நெடுஞ்சாலை துண்டாக்கியது. எங்கே நிலம் மலிவோ, எங்கே எதிர்ப்புக்கு வாக்குபலம் இல்லையோ, அங்கேதான் பொறியாளரின் கோடு போனது.

டர்ஹமில் ஏற்றமும் இடிப்பும் ஒரே சமயத்தில் நடந்தன. பெஞ்சமின் டியூக்கின் மாளிகை நின்ற நிலத்தை நார்த் கரோலைனா மியூச்சுவல் வாங்கி, 1966இல் அங்கே 12 மாடிக் கட்டடத்தைத் திறந்தது. டியூக்குகளுக்குச் சவரம் செய்தவரின் நிறுவனம். திறப்பு விழாவுக்கு அமெரிக்கத் துணை ஜனாதிபதி ஹியூபர்ட் ஹம்ஃப்ரி வந்தார். அதே ஆண்டுகளில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் ஹேட்டாய் இடிபட்டுக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 500 கடைகளும் நாலாயிரம் குடும்பங்களும் அப்புறப்படுத்தப்பட்டன. மீண்டும் கட்டித்தருவோம் என்ற வாக்குறுதியை நம்பி கறுப்பர் தலைவர்களே அந்தத் திட்டத்துக்கு ஆதரவு தந்திருந்தார்கள். மியூச்சுவல் நிறுவனம் 2018இல் மாநில அரசின் கண்காணிப்புக்குள் போய், 2022இல் நீதிமன்ற உத்தரவால் கலைக்கப்பட்டது. பாரிஷ் தெருவில் அதனோடு பிறந்த மெக்கானிக்ஸ் அண்டு ஃபார்மர்ஸ் வங்கியும், ஆபர்னில் தொடங்கிய சிட்டிசன்ஸ் டிரஸ்ட்டும் இன்றும் வைப்புத்தொகை வாங்கிக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.